புரட்டாசிக்கு முந்திய ஆடி

கேட் சுவரில் ஒட்டியிருந்த லிஸ்டின் முன்னால் சிரிப்பு எழுந்தபோது, யாருக்கோ வயது கூடிப்போயிருக்கிறது என்றுதான் ஆறுமுகநயினார் நினைத்தார். காலையிலிருந்தே அந்தக் கேலிதான். "அரே, எம் பொண்டாட்டி என்னய விட மூத்தவளாம்வே!" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அவர் கிட்டே வந்ததும் சத்தம் அடங்கியது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அந்த மரியாதைதான் அவருக்கு உறுத்தியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தேடினார்.

மனைவி கோமதியம்மாள். கல்யாணம், செப்டம்பர் 1941. மூத்த மகள் சொர்ணம். பிறப்பு, ஜூலை 1941.

தாராவி தோல் கம்பெனியின் கணக்கர் அவர். ஃபோர்ட்டில் இருந்த தலைமை ஆபீசுக்குக் கார்டில் ஓட்டை போடும் மெஷின் வந்திருந்தது. குடும்ப நிதிக்கு இனி மெஷின்தான் கணக்கு. கேட்டில் ஒட்டியது அது அடித்த லிஸ்ட்தான். அதற்கு இங்கிலீஷ் தேதி மட்டுமே தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆட்களோ வேலைக்குச் சேரும்போது கொல்லம் ஆண்டைத்தான் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்படியே எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் கையால் மாற்றிக் கொடுக்கும் வேலை அதே சீமைக்காரனான கிளார்க் ஜஹாங்கீருக்கு. வழி சொன்னவர் ஆறுமுகநயினார்தான். தன் கல்யாணம் கொல்லம் 1117, இங்கிலீஷில் 1941. ஆக, எண்ணூற்று இருபத்துநாலைக் கூட்டு.

"மாசத்தப் பாத்துக் கூட்டணுமா அண்ணாச்சி, எல்லாத்துக்கும் ஒண்ணுதானா?" என்று பையன் கேட்கத்தான் செய்தான்.

"கணக்கு எனக்கே சொல்லித் தாறியோ?"

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. புரட்டாசி அதன் இரண்டாம் மாதம், ஆடி அதன் கடைசி. புரட்டாசியில் தாலி கட்டினார், அந்த ஆண்டு முடிகிற ஆடியில் சொர்ணம் பிறந்தாள். இரண்டுக்கும் நடுவே ஜனவரி வந்து இங்கிலீஷ் வருஷத்தில் ஒன்று ஏறிவிடுகிறது. தையிலிருந்து ஆடி வரை இன்னொன்று சேர்த்துக் கூட்டியிருக்க வேண்டும். சுவரின் முன் நின்ற அந்த நொடியிலேயே எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தார். யாராவது ஒருவன் கேட்டால் போதும், சொல்லிவிடலாம். ஒருவனும் கேட்கவில்லை. எல்லாரும் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுயம்பு வீட்டுக்கு வந்தார். சாயப் பிரிவில் மேஸ்திரி. அவர் மகனுக்குத்தான் சொர்ணத்தைப் பேசியிருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம். காப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டு, "தை பொறக்கட்டும் அண்ணாச்சி. அவசரம் என்ன கெடக்கு?" என்றார்.

"சுயம்பு, கொல்லம் ஆண்டு இருக்கே, அது ஆவணியிலதான்..."

"நான் ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி."

சங்கக் கூட்டத்தில் ஊரார் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "குடும்பம்னா ஒரு கட்டு வேணும்வே" என்று முடித்து வைப்பவர் ஆறுமுகநயினார். அப்போதெல்லாம் எதிரில் இருந்தவர்கள் எதற்காக அத்தனை விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள் என்பது இப்போது தெரிந்தது. விளக்கம் சொல்லச் சொல்லப் பழிதான் உண்மை மாதிரி ஆகிவிடும். தன் வாயாலேயே கோமதியின் பெயரைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைப்பதா?

சுயம்பு படியிறங்கியதும் கோமதியம்மாள் டம்ளரை எடுக்க வந்தாள். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருந்தாள். ஊர்க்காரி ஒருத்தி முந்தின நாளே குழாயடியில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"நீங்க போட்ட கணக்குதானா?" என்றாள்.

அவர் தலையசைத்தார். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மிச்சக் காப்பியை முற்றத்தில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். சொர்ணம் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஜஹாங்கீரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஒரு வரிய மட்டும் மாத்தணும் தம்பி."

"ஃபோர்ட்டுல கேட்டுட்டேன் அண்ணாச்சி. கார்டு எல்லாம் அடிச்சாச்சாம். அடுத்த வருசந்தான் மாத்துவாங்களாம். அதுக்கும், எது தப்பு, ஏன் தப்புன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தக் காயிதத்தையும் கேட்டுலதான் ஒட்டுவாங்க."

"லிஸ்ட்ட மட்டுமாவது கிழிச்சிர முடியாதா?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது. இருபது வருஷத்தில் ஒரு தாளைக்கூட அவர் கிழித்ததில்லை. ஜஹாங்கீர் தலையைக் குனிந்துகொண்டான்.

"சீல் வச்சது அண்ணாச்சி. வாட்ச்மேன் விடமாட்டான். நான் அன்னைக்கே இன்னொருக்க கேட்டிருக்கணும்."

"நீ கேட்டே," என்றார்.

மத்தியானச் சங்கு ஊதியது. ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். ஆறுமுகநயினார் வேகமாக நடந்து கேட்டுக்குப் போனார். தன் பெயர் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்றார்.

கூட்டம் வந்து எதிரில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி," என்றான் புதிதாகச் சேர்ந்த ஒருவன். "எம் பேரு எங்கன இருக்குன்னு பாக்கணும்."

அவர் நகரவில்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. மூச்சு விடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது.