தரையில் கால் வைக்காத ஆஸ்பத்திரி

திறந்து மூன்றாம் நாள் காலையில், புது ஆஸ்பத்திரிக் கட்டடம் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. நகராட்சி ஓவர்சியர் டேப் பிடித்துப் பார்த்து, பதினெட்டு அங்குலம் என்று எழுதிக்கொண்டு போனார். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர்க் குழாய்கள் மட்டும் வேர் மாதிரி தொங்கின.

கட்டியது வெளியூர்ப் பெரிய கம்பெனி. செங்கல், ஜன்னல், ஆட்கள் எல்லாமே லாரியில் வந்து இறங்கின. எதிர்த் தெருவிலேயே கொத்து, வெல்டிங், குழாய் என்று பதினாலு பட்டறைகள் இருந்தும், சின்ன ஆட்களோடு மாரடிக்க முடியாது என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. ஊர்க்காரன் கை படாத கட்டடம் ஊரில் எப்படி ஒட்டும் என்று மேஸ்திரியம்மா கேட்டாள். ஆறு பேரை வைத்துக்கொண்டு இருபது வருஷமாகக் கொத்துவேலை எடுத்துச் செய்கிறவள் அவள்.

கம்பெனி இரும்புச் சங்கிலி போட்டு இழுத்தது. இழுக்க இழுக்கக் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஏறி, மாதக் கடைசியில் பதினோரு அடிக்குப் போய்விட்டது. நோயாளிகள் ஏணியில் ஏறினார்கள். கம்பெனி மேனேஜர் மேஸ்திரியம்மாவைத் தேடி வந்தார்.

"ரெண்டு சுவர் பூசிட்டுப் போங்கம்மா, இறங்கிடும். கம்பெனி பேர்லயே காட்டிக்கலாம்."

"எங்க கை வேணும், எங்க பேரு வேண்டாமா? போயிட்டு வாங்க சார்."

அந்த வாரமே அவள் தங்கைக்கு வலி எடுத்தது. ஏணியில் பாதி ஏறியவள், "முடியலக்கா" என்று அழுதாள். தெருவே ஓடி வந்து கப்பி கட்டி, செங்கல் தூக்கும் பலகையில் அவளை உட்கார வைத்து மேலே ஏற்றியது. பெண் குழந்தை, மூன்று கிலோ. மறுநாள் காலை மேஸ்திரியம்மா யாரிடமும் கேட்காமல் படி கட்ட ஆரம்பித்தாள். பதினாலு பட்டறைகளும் சேர்ந்துகொண்டன. இருபத்திரண்டு படிகள், ஒவ்வொன்றிலும் அதைச் செய்தவர்கள் பெயர். கடைசிப் படி முடிந்ததும் கட்டடம் ஏறுவதை நிறுத்தியது.

அனுமதி இல்லாத படி என்று கம்பெனி இடிக்கும் இயந்திரத்தை அனுப்பியது. மேஸ்திரியம்மா மூன்றாம் படியில் உட்கார்ந்து, "இடிங்க, பாக்கலாம்" என்றாள். இயந்திரத்தின் பல் முதல் படியில் பட்டதுமே கட்டடம் இன்னும் நாலடி எம்பியது. மேல் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த மேனேஜர், "நிறுத்துங்கடா!" என்று அலறினார். ஏணிகளைப் படி வந்ததுமே எடுத்துவிட்டிருந்தார்கள்; அவர் இறங்குவதற்கு இன்னும் எட்டுப் படிகள் தேவைப்பட்டன. எழுத்தில் ஆர்டர் வராமல் கொத்துக்கரண்டியைத் தொட மாட்டேன் என்று மேஸ்திரியம்மா சொல்லிவிட்டாள். மேனேஜர் அதை மேலேயே எழுதி, அவள் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே பறக்கவிட்டார்.

கட்டடம் அப்புறம் இறங்கவே இல்லை. ஸ்ட்ரெச்சர் ஏற்ற வெல்டிங்காரர் ஒரு லிஃப்ட் செய்து கொடுத்தார். கட்டடத்துக்கு அடியில், அந்த நிழலில் கண்ணாடி அறுப்பவர் கடை போட்டார், பிறகு குழாய்க்காரர், பிறகு வெளியூரிலிருந்து வந்த ஓடு வியாபாரி. இப்போது முப்பத்தொரு கடைகள். மழை நாளில் அங்கே யாரும் சிமெண்ட் மூட்டைக்குத் தார்ப்பாய் போடுவதில்லை.