டிசம்பரில் செய்த வாட்ச்

தீபாவளி முடிந்த வாரத்தில் மேக்னா போன் செய்தாள். மேக்னா என் அண்ணன் சசிதரின் மனைவி. அவருக்கு டிசம்பர் பதினான்கில் ஐம்பது வயது நிறைகிறது, ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் ஹால் சொல்லிவிட்டேன், சாப்பாடு முடிவாகிவிட்டது, பரிசு மட்டும்தான் மனதுக்குப் பிடித்த மாதிரி அமையவில்லை என்றாள். பிறந்த வருடத்திலேயே செய்த பழைய வாட்சைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது இப்போது வழக்கமாம். அவளுடைய தோழி ஒருத்தி தன் கணவனுக்குக் கொடுத்தபோது அந்த மனிதர் அழுதேவிட்டாராம்.

"எனக்கு எங்க போய்த் தேடறதுன்னே தெரியலைங்க வதினா. உங்களுக்குத்தான் இதுக்கெல்லாம் பொறுமை. எழுவத்தஞ்சுல செஞ்சதா ஒண்ணு பாத்துக் குடுத்துருங்க" என்றாள். வதினா என்பது நாத்தனாரைக் கூப்பிட எங்கள் குடும்பத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் தெலுங்குச் சொல்.

சரி கண்ணு என்றேன். போனை வைத்த பிறகும் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கும் டிசம்பர் பதினான்கில்தான் ஐம்பது நிறைகிறது. சசியும் நானும் இரட்டையர். மேக்னாவுக்கு இது தெரியாததல்ல. கல்யாணம் பேசும்போதே சொன்ன விஷயம். எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஒன்றை அப்புறம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அவன் எனக்கு அண்ணன் ஆனது ஒரு கணக்கினால். ஆஸ்பத்திரியில் முதலில் வெளியே வந்தவள் நான். ஆனால் எங்கள் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகளில் பின்னால் பிறப்பதுதான் மூத்தது என்பார்கள். வயிற்றில் முதலில் தங்கிய பிள்ளை உள்ளே தள்ளிப் போய்விடுமாம். அடுத்து வந்தது வாசலோரம் நின்றிருந்துவிட்டு முதலில் இறங்கிவிடுமாம், டவுன் பஸ் மாதிரி. டாக்டர் எழுதித் தந்த நேரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவனை அண்ணா என்றும், வாங்க போங்க என்றும் சொல்லப் பழக்கினார்கள். அவன் என்பதெல்லாம் என் மனதுக்குள் மட்டும்தான்.

சிறு வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே கேக். எல்லாப் போட்டோக்களிலும் கத்தி அவன் கையில் இருக்கும், அவன் கைமேல் என் கை இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நானும் வெட்டுவதுபோலத் தோன்றும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் போட்டோவும் நின்றது. என் கணவர் வெங்கடபதியின் வீட்டில் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்வதே பிறந்தநாள். பதினான்காம் தேதி அவனுடையதாகவே ஆகிவிட்டது.

டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் கேட்டேன். பேட்டரி வாட்ச் காட்டினார்கள். நெட்டில் பார்த்தவை எல்லாம் பழைய கூட்டுக்குள் புது முகப்பைப் பொருத்தியவை. கடைசியில் யாரோ கருமத்தம்பட்டிக்காரர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள். பெயர் கிருபாசங்கர். விசைத்தறி வைத்திருப்பவர், பழைய வாட்ச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். அவிநாசி ரோட்டில் புது மேம்பாலத்தைத் தாண்டி நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

தறிக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில், மிட்டாய் டப்பாக்களில் பஞ்சு விரித்து வாட்சுகளை அடுக்கியிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேசும்போதும் விரல் ஏதாவது ஒரு வாட்சைத் துடைத்துக்கொண்டே இருந்தது. நீல முகப்பு வைத்த ஒரு சீக்கோவை எடுத்தார். முதுகில் உள்ள எண்ணில் முதல் இலக்கம் ஐந்து, அடுத்து டி என்ற ஆங்கில எழுத்து. ஐந்து என்றால் இந்த மாடலுக்கு எழுபத்தைந்து, டி என்றால் டிசம்பர் என்றார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன யாரோ வாங்கி வந்தது. கிழமையை ஆங்கிலத்திலும் வைக்கலாம், அரபியிலும் வைக்கலாம்.

யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். பிறகு எதற்கென்று தெரியாமல், நாங்கள் இரட்டையர் என்பதையும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும்தானுங்களே இது" என்றார், வாட்சைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

தறிச் சத்தத்தில் வாட்சின் சத்தம் கேட்காது, காருக்குள் போய்க் கேளுங்கள் என்று கொடுத்தனுப்பினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காதோடு வைத்துக் கேட்டேன். இத்தனை அவசரமாக ஓடும் என்று நினைத்திருக்கவில்லை. எங்கோ போக நேரமாகிவிட்டதுபோல ஓடியது.

பணம் கொடுத்தபோது ஒன்று சொன்னார். "இதுக்குச் சாவியும் கெடையாது, பேட்டரியும் கெடையாதுங்க. கை அசைஞ்சாத்தான் ஓடும். பொட்டிக்குள்ள வெச்சா ரெண்டு நாள்ல நின்னுபோகும். நீங்களே கொஞ்ச நாள் கட்டிப் பாத்துப்போட்டு, நல்லா ஓடுச்சுன்னா அண்ணனுக்குக் குடுங்க."

இப்படித்தான் அது என் கைக்கு வந்தது. இடது கை வளையல்களைக் கழற்றினால்தான் கட்ட முடிந்தது. என் கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச் பீரோவில் கிடக்கிறது. தங்கச் செயின், புளியங்கொட்டை அளவு முகம், முள் எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியாது. பெண்களுக்கு மணி தெரிய வேண்டியதில்லை என்று நினைத்துச் செய்திருப்பார்கள். இது கனமாக இருந்தது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பில் இடித்தது. நான் அங்கே இருப்பதை எனக்கே தெரிவிப்பதுபோல இடித்தது.

கை ஏன் மொட்டையாக இருக்கிறது என்று வெங்கடபதி கேட்டார். சசிக்கு வாங்கியதைச் சோதிக்கிறேன் என்றேன். உன் கைக்கு அது பெருசும்மா என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

சோதனைக்கு ஒரு வாரம் போதும். நான் மூன்றாவது வாரமும் கழற்றவில்லை. நின்றுவிடுமோ என்று நடந்தேன். கோலமாவு டப்பாவை இடம் மாற்றினேன், துவைத்த திரையை மறுபடி துவைத்தேன். உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூடக் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஆசை என்றால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இது நெஞ்சுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அப்பா இறந்த பிறகு, பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் கம்பெனி அவனுக்கு என்றார்கள், உனக்குத்தான் நகை போட்டாயிற்றே என்றார்கள். அப்போது தலையாட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியவள் நான். ஒரு பழைய வாட்சுக்கு ஏன் இந்தப் பாடு?

எனக்கென்று வேறொன்றை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவனுக்கென்று வாங்கியதால்தான் எனக்கு இது வேண்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தது. அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வாட்சைக் கழற்றவில்லை.

டிசம்பர் பிறந்ததும் கிருபாசங்கரை அழைத்து, அதே மாதத்தில் செய்தது இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். அது ஒன்றைப் பிடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று என்றார். அதே வருடம் ஏப்ரலில் செய்தது ஒன்று இருக்கிறது, கறுப்பு முகப்பு, நல்ல நிலை. மறுநாளே போய் வாங்கி வந்தேன். இது யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, கறுப்பு வாட்சை இன்னொரு முறை துடைத்துக் கொடுத்தார்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எழுபத்தைந்து என்றுதான் மேக்னா கேட்டாள், எழுபத்தைந்துதான் இது. மாதம் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் படபடப்பு இரண்டு மடங்கானது. யாருக்கும் தெரியாமல் நான் வைத்துக்கொண்டால், அது நான் எடுத்துக்கொண்டதாக ஆகுமா? ஒளித்ததாகத்தானே ஆகும்.

வெள்ளிக்கிழமை மேக்னா மறுபடி அழைத்தாள். குரலில் பதற்றம். "வதினா, உங்களுக்கும் அன்னைக்குத்தானே? எனக்கு இப்பத்தான் மண்டையில ஒறைச்சுதுங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. கேக்குல உங்க பேரையும் எழுதச் சொல்லிப்போட்டேன்."

நல்லது கண்ணு என்றேன். பொய்யில்லை. நல்ல பெண்தான் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். கேக்கில் சசி என்று பெரிய எழுத்தில் நடுவில் இருந்தது. அதற்குக் கீழே, கிரீம் பூக்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில், ரங்கநாயகி என்ற என் முழுப் பெயரையும் நுணுக்கி எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்து ஓரத்தில் வழிந்திருந்தது. முழங்கை வரை கைவைத்த ரவிக்கை போட்டிருந்தேன், முந்தானையால் மணிக்கட்டை மூடியிருந்தேன்.

மேக்னா மைக்கில் என்னைப் பற்றி நன்றாகவே பேசினாள். ஊரெல்லாம் அலைந்து வதினா தேடிக் கண்டுபிடித்தது என்றாள். நான் பெட்டியை நீட்டினேன். சசி திறந்தான். அவன் முகம் சட்டென்று பையன் முகமாக மாறியதைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, திருப்பி முதுகைப் பார்த்தான். பம்ப் செய்கிறவன், எந்தச் சாமானையும் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பான்.

"அஞ்சு, நாலு. அப்படின்னா என்ன அம்மணி?"

ஏதோ கம்பெனி எண் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. முந்தானை வழுக்கி இறங்கியது. நான்தான் இறக்கினேனோ என்னவோ.

"எழுவத்தஞ்சு, ஏப்ரல்ல செஞ்சது" என்றேன். "டிசம்பர்ல செஞ்சது இது. உங்களுக்குன்னுதான் வாங்கினேன். இப்ப குடுக்க மனசில்லைங்கண்ணா. இத நான் வெச்சுக்கறேன்."

மேக்னாவின் கையில் மைக் அப்படியே இருந்தது. ஐம்பது வருடத்தில் அவனிடம் எதையும் நான் இப்படிச் சொன்னதில்லை. சசி என் மணிக்கட்டைப் பார்த்தான், கையிலிருந்த கறுப்பு வாட்சைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான்.

"ஏப்ரல்ல நாம வயித்துல இருந்திருப்போமா?"

"அப்பத்தான் தங்கியிருப்போம்."

"அப்ப எனக்கு இதுதான் சரி" என்று சிரித்தான். "மொதல்ல உள்ள போனவன் நான்தானே. நீ அப்புறம் வந்து, டிசம்பர்ல முந்திக்கிட்டு எறங்கினவ."

கூட்டமும் சிரித்தது. மேக்னா பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டான். கொடுத்த அதே வாயால் மறுபடி மூத்தவனாகி நின்றான். அவனுக்கு அதில் எந்தச் சூதும் இல்லை. அவனுக்கு அது இத்தனை எளிது, அதுதான் விஷயம்.

வாட்சைக் கட்டிக்கொண்டு முகப்பைத் தட்டினான். காதில் வைத்துப் பார்த்தான். பெட்டிக்குள் நாள் கணக்காகக் கிடந்ததில் அது நின்றுபோயிருந்தது.

"ஓடலையே."

"சும்மா நின்னா ஓடாது" என்றேன். "கையை ஆட்டு, சசி."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மேக்னா திரும்பி என்னைப் பார்த்தாள். அவன் கவனித்தானா என்று தெரியவில்லை. கேக்குக்கு முன்னால் நின்று, சொன்னபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரில் நின்ற என் கையும், தேவையே இல்லாமல், ஆடிக்கொண்டிருந்தது.