இரண்டு அங்குலம் எட்டாத மணி

அன்று கோயிலில் இருந்தவர்கள் நால்வர்: நல்லுசாமி, அவர் மனைவி அங்காளம்மாள், பங்காளி காத்தமுத்து, நாகல் நகரில் எலும்பு டாக்டராக இருக்கும் மகள் அறிவுச்செல்வி.

குதிகாலைத் தூக்காமல் கோயில் மணியை அடிக்கும் வீட்டுக்கே திருவிழாவில் முதல் மரியாதை. நாற்பது வருடமாக அடித்து வந்தவர் நல்லுசாமி. இந்த வருடம் அவர் கை இரண்டு அங்குலம் எட்டவில்லை.

"எவனோ மணியை ஏத்திக் கட்டிட்டான்."

"மணி அங்கனதான் இருக்குப்பா. நீங்கதான் எறங்கிட்டீங்க," என்றாள் மகள். "முதுகெலும்பு பலமில்லாம அமுங்கிருச்சு. அந்தக் காலத்துல இதை வயசுன்னு விட்டாங்க. இப்ப நோய்னு தெரியும். போன வருசமே மாத்திரை குடுத்தேன்ல?"

"நம்ம வம்சத்துல எவனுக்கும் வயசாகுறதில்ல!" என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தும் எட்டவில்லை.

"நகருப்பு, நான் அடிக்கிறேன்," என்று சிரித்தபடி வந்தார் காத்தமுத்து. அவருக்கு மூன்று அங்குலம் எட்டவில்லை.

நல்லுசாமி யோசித்தார். "மரியாதை வீட்டுக்குத்தானே? ஏ புள்ள, நீ அடி."

புருஷனைவிட உயரம் என்று ஊருக்குத் தெரியக் கூடாதென்று கல்யாண நாள் முதல் குனிந்தே நடந்த அங்காளம்மாள், அன்றுதான் முதுகை நிமிர்த்தினார். மணி கணீரென்று ஒலித்தது.

மனைவி தோளில் ஏறித்தான் நல்லுசாமி மணியடித்தார் என்று நத்தம் வரை பேசுகிறார்கள். அது சுத்தப் பொய். அடித்தது அங்காளம்மாள்.