ஆச்சு

என் கொழுந்தனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘ஆச்சு’. சாப்பிட்டாயா என்றால் ஆச்சு. கதவைப் பூட்டினாயா என்றால் ஆச்சு. வீட்டில் சகித்துக்கொள்ளலாம். ஒரே கூடத்தில் வேலையும் பார்க்கிறோமே, அதுதான் தலைவலி. துகள் முடுக்கியின் காந்தத்துக்கு, மின்தடையே இல்லாத மீகடத்திக் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறவள் நான். அதை உலையில் வைத்துச் சுடுகிறவன் அவன். ஒவ்வொரு சுருளிலும் கட்டும் அட்டையில் நான் ‘சுற்றியது, மடக்கியது, தேதி’ என்று வரிவரியாக எழுதுவேன். அவன் ‘ஆச்சு’ என்று ஒரு கிறுக்கல் கிறுக்குவான். எது ஆச்சு என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று ஆறு வருஷமாகக் கூடமே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். இது நடந்த மாதம்தான் அவனை உலைப் பொறுப்பாளராக ஆக்குவதாக இருந்தார்கள்.

நையோபியமும் வெள்ளீயமும் கலந்த அந்தக் கம்பி, சுடும்வரை சொன்னபடி வளையும். சுட்ட பிறகு வளைத்தால் ஒடிந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எங்கள் கம்பிக்கு உலைதான் ஐம்பது வயது. அதனால் சுருளின் இரண்டு முனைகளையும் சுடுவதற்கு முன்பே மடக்கிவிட வேண்டும்.

மகளுக்கு அம்மை போட்டுப் பதினைந்து நாள் லீவு எடுத்துத் திரும்பிய அன்று, கடைசிச் சுருள் சுட்டு வெளியே இருந்தது. முனைகள் மடங்காமல் நெட்டுக்குத்தாக நின்றன. கையிருப்பில் வேறு கம்பி இல்லை. புதிது வர எட்டு மாதம் ஆகும்.

“கண்ண எங்க வெச்சிருந்த? முனைய மடக்காம யாராவது உள்ள வைப்பாங்களா?”

“ஆச்சுன்னு அட்டை இருந்துச்சு அண்ணி.”

“நீ எழுதினத நீயே படிச்சியாக்கும்.”

அவன் அட்டையை என் கையில் கொடுத்தான். அவசரக் கிறுக்கல்தான், ஆனால் என் எழுத்து எனக்குத் தெரியாதா? சுற்றி முடித்த மதியம் பள்ளியிலிருந்து போன் வந்ததும், முனையை நாளைக்கு மடக்கலாம் என்று, ‘ஆச்சு’ என மட்டும் எழுதிக் கட்டிவிட்டு ஓடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்ஜினீயர் வந்து அட்டையைப் பார்த்தார். நேரே கொழுந்தனிடம் திரும்பி, “நாளைலேருந்து ஸ்டோருக்குப் போ. உலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார்.

“சார், அத எழுதினது நான்.”

“விடுங்கம்மா. சொந்தக்காரன விட்டுக்கொடுக்க மனசு வராதுதான். ஆனா இப்படி எழுதறது யாருன்னு ஆறு வருஷமா நீங்கதானே சொல்றீங்க?”

கூடத்தில் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது, என் மேலேயேதான். பேனாவை வாங்கி, தப்பு வந்துவிடக் கூடாது என்று நிதானமாக, அட்டையின் பின்பக்கம் அதே வார்த்தையை எழுதி நீட்டினேன்.

அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பாருங்க, முத்து முத்தா எழுதறீங்க. இது உங்க எழுத்தா?” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொழுந்தன் கையுறைகளைக் கழற்றி என் மேசைமேல் வைத்தான்.

“ஆச்சு அண்ணி, விடுங்க.”

எது ஆச்சு என்று நான் கேட்கவில்லை.