போடிமெட்டு இறக்கத்தில் அணையாத விளக்கு

மகள் வீட்டில் மதியச் சாப்பாடு பாதியில் முடிந்துபோனது. "அப்பா, ஒருக்கா காது டாக்டரப் போய்ப் பாருங்களேன்" என்று மட்டும்தான் இவாஞ்சலின் சொன்னாள். ஞானசிகாமணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது மகளையும் மனைவியையும் சேர்த்தே சொன்னார்: "இனிமே யாரும் எனக்குப் பாடம் நடத்த வேணாம். கெளம்பு கிருபா."

மகள் ஊரான பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரை காருக்குள் ஒரு பேச்சும் இல்லை. அது அறுபத்து நாலாம் வருஷத்து ஃபியட். போடி கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஞானசிகாமணி, தன் கையாலேயே பிரித்து, தன் கையாலேயே பூட்டி, பால்வெள்ளை அடித்து நிறுத்திய வண்டி. வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. மெக்கானிக்கைக்கூடப் பக்கத்தில் அண்ட விடமாட்டார்.

மெட்டில் டீ குடித்துவிட்டுச் சாலைக்கு ஏறும்போது வலது இண்டிகேட்டரைப் போட்டார். வண்டி நேரானதும் ஸ்டியரிங் பக்கத்துக் குச்சி தானாக நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் டிக், டிக் என்கிற சத்தம் நிற்கவில்லை. டேஷ்போர்டில் மின்ன வேண்டிய பச்சை பல்பு போன கோடையிலேயே ஃப்யூஸாகிவிட்டது. "அதான் சத்தம் கேக்குதே, பல்பு எதுக்கு?" என்று அவர் மாற்றாமல் விட்டிருந்தார்.

கிருபாவதிக்குச் சத்தம் கேட்டது. முதல் வளைவில் கேட்டது, அடுத்த வளைவிலும் கேட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. சொல்ல வாயெடுத்தாள். பாடம் நடத்த வேணாம் என்றாரே, தானே கண்டுபிடிக்கட்டும் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அப்படித் திரும்பியதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

பின்னால் ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. ஏலக்காட்டு வேலை முடிந்து ஊருக்கு இறங்கும் பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மலைப்பாதையில் முன்னால் போகிற வண்டி வலது விளக்கைப் போட்டால், 'எதிரே யாரும் இல்லை, முந்திப் போ' என்று பின்னால் வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பழக்கம் அப்படி. கிருபாவதிக்கும் அது தெரியும். தெரிந்ததெல்லாம் அந்த நேரத்துக்கு நினைவில் வந்து நிற்கிறதா என்ன?

ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வலப்பக்கமாக ஏறி வந்தது. அது ஃபியட்டுக்குச் சமமாக வந்தபோது, வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு பஸ்ஸின் முகப்பு மேலேறியது.

"நிறுத்துங்க!" கிருபாவதி அலறிக்கொண்டு அவர் தோளில் அறைந்தாள்.

ஞானசிகாமணி பிரேக்கை முழுசாக மிதித்தார். ஃபியட் கிறீச்சிட்டு நின்றதில் கிடைத்த இடைவெளிக்குள் ஜீப் இடப்பக்கம் வெட்டிப் பாய்ந்தது. பஸ் அதன் வாலை உரசாத குறையாகக் கடந்துபோய் நின்றது. ஜீப் நிற்கவில்லை. ஓரத்துச் சுவரில் மோதி, முன்சக்கரம் ஒன்று சுவர்மேல் ஏறி அந்தரத்தில் சுழன்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று.

பெண்கள் கத்திக்கொண்டே பின்பக்கமாகக் குதித்தார்கள். தூக்குவாளிகள் சாலையில் உருண்டன. கடைசியாக இறங்கிய டிரைவர் செல்லப்பாண்டி நேராக ஃபியட்டுக்கு வந்து கதவைப் பிடுங்கித் திறந்தான்.

"ஏன்யா, சைடு குடுத்து எங்களக் கொல்லப் பாத்தியா? இத்தன பொம்பளைக உசுரு!"

"நான் எங்கய்யா குடுத்தேன்? வளைவுல எவனாச்சும் சைடு குடுப்பானா?"

"இண்டிகேட்டர் போட்டியா, இல்லையா?"

"போடல. இங்கன வந்து பாரு. குச்சி நடுவுலதான கெடக்கு?"

செல்லப்பாண்டி குச்சியைப் பார்க்கவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். வலப்பக்க விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

ஞானசிகாமணி திரும்ப வந்து குச்சியை மேலும் கீழும் ஆட்டினார். ஸ்டியரிங்குக்குக் கிட்டத்தில் தலையைக் கொண்டுபோனார். "சத்தம் வரலியே" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

"வருதே ஐயா" என்றாள் பெண்களில் ஒருத்தி. "இங்கன நிக்கிற எனக்கே கேக்குது."

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்துகொள்ள, சுற்றிலும் ஒரு கூட்டம். ஞானசிகாமணியின் முகம் வெளுத்திருந்தது. "பிரேக் போட்ட குலுக்கல்ல இப்ப ஒட்டியிருக்கும். முன்னாடி எரியல" என்றார். "எம்மேல பழியப் போடாத."

"அக்கா, பக்கத்துல நீங்கதான இருந்தீக? நீங்க சொல்லுங்க" என்றான் செல்லப்பாண்டி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கணவரும் பார்த்தார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க இந்த ஜீப்காரன் தலையில் விழும்.

"மெட்டுலருந்தே எரிஞ்சுச்சு" என்றாள் கிருபாவதி. "எனக்குக் கேட்டுச்சு. இவுகளுக்குக் கேக்கல. நான் வீம்புக்குச் சொல்லாம வந்தேன்."

ஞானசிகாமணி அவளை அடிபட்டவர் மாதிரி பார்த்தார். செல்லப்பாண்டி என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் சுவரோரமிருந்து முனகல் கேட்டது. முருகம்மாள் என்கிற பெண் இடது மணிக்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கை புடைத்து, கோணலாகத் திரும்பியிருந்தது.

பஸ் மேலே போவது. ஜீப்பைச் சுவரிலிருந்து இறக்க ஆள் சேர வேண்டும். கீழே போடி ஆஸ்பத்திரிக்குப் போக ஃபியட்தான் இருந்தது.

"இந்த லைட்டோட எறங்குனா அடுத்த வளைவுல இன்னொருத்தன் ஏறுவான்" என்றான் செல்லப்பாண்டி. மேலேயிருந்து மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. மேலே போகும் பஸ்ஸுக்குப் பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன.

ஞானசிகாமணி பேட்டரி வயரைக் கழற்றினார். ஸ்குரூடிரைவரை எடுத்து ஸ்டியரிங் தண்டின் மூடியைப் பிரிக்கப் பார்த்தார். திருகின் தலையில் முனை நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி வந்தது. முருகம்மாள், "ஆத்தா, வலி தாங்கலையே" என்று அழுதாள். மறுபடி முயன்றார். திருகு சுழன்று கால்மிதியில் விழுந்தது.

"குடுங்க பெரியவரே" என்று செல்லப்பாண்டி கையை நீட்டினான்.

கிருபாவதி கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஸ்குரூடிரைவரை அவன் கையில் வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். மூடி கழன்றது. உள்ளே பழைய கிரீஸ் தார் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. குச்சி திரும்பினாலும் அதன் அடியிலிருந்த பித்தளைத் தகடு திரும்பாமல் வலப்பக்க முனையோடு ஒட்டிக்கிடந்தது.

"மெல்ல நெம்பு. ஒடஞ்சா எங்கயும் கெடைக்காது" என்றார் ஞானசிகாமணி.

"தெரியுதுய்யா."

தகடு விடுபட்டது. கருகியிருந்த முனையைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் ஞானசிகாமணி தேய்த்தார். துணியால் கிரீஸை வழித்தெடுத்தார். மூடியைப் போட நேரமில்லை. பேட்டரியை மாட்டி, குச்சியை வலப்பக்கம் தள்ளி, நடுவுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் தலையைத் தூக்கி மனைவியிடம் கேட்டார்.

"நின்னுருச்சா கிருபா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பின்னால் போய்க் கண்ணாலும் பார்த்துவிட்டு வந்தாள்.

"நின்னுருச்சு."

முருகம்மாளைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு இறங்கினார்கள். மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரும்வரை கிருபாவதி ஒவ்வொரு வளைவிலும், "போட்டாச்சு", "அணைஞ்சுருச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். மாவுக்கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முருகம்மாள் தலையைக் குனிந்தபடி மெதுவாக என்னவோ சொன்னாள்.

ஞானசிகாமணி அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து காதோரம் கையைக் குவித்தார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. எனக்குக் காது சரியாக் கேக்காது."

கிருபாவதி சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வரலேன்னு கங்காணிட்ட யாராச்சும் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாக."

"நானே காலைல போய்ச் சொல்றேன். தப்பு எங்க மேல, உன் மேல இல்லேன்னு சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள் முருகம்மாள். "ஆனா கை எனக்குல்லய்யா ஒடஞ்சிருக்கு."

ஞானசிகாமணி எழுந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கிருபாவதி முருகம்மாளின் நசுங்கிய தூக்குவாளியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். கட்டு காயும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். காய்ந்ததும் அவளைச் சில்லமரத்துப்பட்டியில் அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள்.