உட்கார்ந்து முடி வெட்டுகிறவள்

ஓரிடத்தில் நில்லாதவள் என்பதால் வீட்டில் அவளைச் சிட்டு என்பார்கள். அவளுக்கு முதலில் தைராய்டு என்றார்கள். அடுத்த வருடம் மூட்டுவாதம். இருபத்து நான்கு வயது முடிவதற்குள் சர்க்கரையும் வந்து சேர்ந்தது, தினமும் ஊசி போட்டே ஆகவேண்டிய வகை. உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்வதால் வருபவை, ஒன்று வந்தால் மற்றதும் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு என்று டாக்டர் விளக்கினார்.

"இன்னும் யாராவது பாக்கி இருந்தா ஒரேயடியா வரச் சொல்லிடுங்க டாக்டர்" என்றாள் சிட்டு.

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை.

சிட்டு ஒரு பெண்கள் சலூனில் முடி வெட்டினாள். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. காலையில் விரல்கள் மடங்காது. ஒரு நாள் வாடிக்கையாளரின் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி நழுவிக் கீழே விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் முதலாளி அக்கா அன்று மாலையே அவளைத் தனியாக அழைத்து, இனி முன்னால் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். சிட்டுவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டில் அந்த வேலையும் வேண்டாம் என்றார்கள். தங்கச்சியைக் கடைசிவரை தானே பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னான். யார் கேட்டாலும் கொஞ்சம் சோர்வு என்று சொல்லிவிடு என அம்மா கெஞ்சினாள். அத்தை வந்து விசாரித்தபோது அம்மாவே முந்திக்கொண்டு அப்படிச் சொன்னாள். சிட்டு குறுக்கிட்டாள்.

"சோர்வு இல்ல அத்தை. தைராய்டு, மூட்டுவாதம், சர்க்கரை. மூணும் என்னை விட்டுப் போகாது. அதுக்காக நான் மூலையில உக்காரப் போறதும் இல்ல."

அம்மா அன்று முழுக்கச் சிட்டுவோடு பேசவில்லை.

மறுவாரம் சிட்டு, சக்கரம் வைத்த உயரமான ஸ்டூல் ஒன்றைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். விரல்கள் மதியத்துக்கு மேல்தான் வழிக்கு வரும், அதனால் அப்போதுதான் வருவேன், போன் எடுக்க மாட்டேன், வெட்டத்தான் செய்வேன், கை சரியில்லாத நாளில் கத்தரியைத் தொடவே மாட்டேன் என்று முதலாளி அக்காவிடம் கறாராகச் சொன்னாள்.

அக்கா கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"என் தலையில ஆரம்பி. பார்க்கலாம்."

சிட்டு ஸ்டூலோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாதியில் சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கியது. கத்தரியை வைத்துவிட்டு, அவசரப்படாமல் ஜூஸ் குடித்தாள். ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக, வந்தவர்களெல்லாம் பார்க்க, அக்கா அசையாமல் காத்திருந்தாள். நடுக்கம் நின்றதும் சிட்டு மறுபக்கத்தையும் முடித்தாள். அக்கா கண்ணாடியில் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு மதியம் வந்துடு" என்றாள்.

உட்கார்ந்துகொண்டா வெட்டுவாய் என்று சிலர் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். "நான் உக்காந்திருக்கேனா நிக்கிறேனான்னு முடிக்குத் தெரியாதுங்க" என்பாள் சிட்டு. படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களும் வந்தன. அன்றெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்து, மூன்று நோய்களையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பாள். எழ முடிந்த அன்று மதியம் கடையில் இருப்பாள்.