குணபூசணியின் மூக்கு

சண்முகரத்தினம் குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது 1984இல், தைப்பூசம் கழிந்த வாரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மனைவி குணபூசணி இறால் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் உண்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பும் உறைப்பும் தெரியுது குணம். இறாலைத்தான் காணேல்லை."

மூக்குக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கும், வாசனை இனித் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகரத்தினம் குடிகாரர் அல்ல. ஆனால் சனிக்கிழமை மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வராந்தாவில் ஒரு கிளாஸ் சிங்கிள் மால்ட் விஸ்கியும் ஒரு சுருட்டுமாக உட்கார்ந்தால் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். அந்தச் சிறிய கிளாஸைப் பொழுது சாயும்வரை வைத்திருப்பார். குடித்த நேரத்தைவிட முகர்ந்த நேரமே அதிகம். போத்தல்களைக் கொண்டுவந்து கொடுப்பவர் கிள்ளான் நண்பர் பழனியப்பன். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்பவர். ஸ்காட்லாந்துக் கப்பல் அதிகாரிகள் பலர் அவருக்குப் பழக்கம்.

விபத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் சண்முகரத்தினம் கிளாஸில் ஊற்றிப் பார்த்தார். நாக்கில் எரிச்சல், கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான். சுருட்டு வெறும் சூடான காற்றாக இருந்தது. ஒரு நாள் பழனியப்பனுக்குப் போன் செய்து, போத்தல், சுருட்டு எல்லாவற்றையும் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பழனியப்பன் காரோடு வந்துவிட்டார். ஆனால் போத்தல்கள் இருந்த அலமாரிப் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். குணபூசணிதான் போத்தல்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை. அழுத்தி மூடப்போனவள் முகத்தைச் சுளித்தாள்.

"சீ, இதென்ன வார்டு மணம்!"

சண்முகரத்தினம் திரும்பினார். "என்ன வார்டு?"

"நான் வேலை செய்த வார்டுதான். காயத்துக்கு ஐயோடின் போட்ட பஞ்சு மாதிரி மணக்குது. இதையே இவ்வளவு காலமும் ஆசையாக் குடிச்சீங்கள்?" முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் அவள்.

அவர் எழுந்து வந்துவிட்டார். "அது ஸ்காட்லாந்துத் தீவொண்டில வடிச்சது. கடற்கரைக் காத்தும் புகையும் சேர்ந்தது. ஐயோடினுக்குப் பின்னால என்ன இருக்கு? இன்னொருக்கா மணந்து பார்."

"எனக்கு வேண்டாமப்பா."

"ஒருக்கா, குணம்."

அந்தக் குரலைக் கேட்டபின் அவளால் மறுக்க முடியவில்லை. முகர்ந்தாள். கண்ணை மூடி மறுபடியும் முகர்ந்தாள்.

"புகை. விறகுப் புகை இல்லை. மழையில நனைஞ்ச சாக்கை எரிச்ச மாதிரி. அதுக்குப் பிறகு… தோடம்பழத் தோல்."

"ஆரஞ்சா?" அவர் சிரித்தார். "நான் இவ்வளவு நாளும் எலுமிச்சை எண்டெல்லோ நினைச்சனான்!"

"எலுமிச்சை இல்லை. எனக்குத் தெரியாதோ?"

பழனியப்பன் தேநீரை வைத்துவிட்டு உள்ளே வந்தார். "அக்கா, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க லா. மாறும்."

கிளாஸ் வந்தது, தண்ணீர் வந்தது. தண்ணீர் விழுந்ததும் புகை ஒதுங்கி, புதிதாய்த் திறந்த மைலோ கோக்கோ டின் வாசனை வருகிறது என்றாள். சண்முகரத்தினம் அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்தார். வாசனை வரவில்லைதான். ஆனால் நாக்கில் பட்ட இனிப்புக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. தொண்டைச் சூட்டுக்கு ஒரு முகம் இருந்தது. அவர் மெதுவாக விழுங்கினார்.

"ஓம்," என்றார். "இருக்கு."

அடுக்கிய போத்தல்கள் ஒவ்வொன்றாகப் பேப்பரிலிருந்து வெளியே வந்தன. ஒன்றில் ஊறிய திராட்சை என்றாள். இன்னொன்றில் மேசை நாற்காலி விற்கும் புதுத் தளபாடக் கடை. ஒரு போத்தலை மட்டும் முகர்ந்த உடனே தள்ளி வைத்தாள்.

"இது சும்மா சீனிப்பாகு. இதை நீங்க கொண்டு போங்கோ."

பழனியப்பன் அந்த ஒரே போத்தலோடு கிள்ளானுக்குத் திரும்பினார். சுருட்டுப் பெட்டியையும் யாரும் பெட்டியில் வைக்கவில்லை. பற்றவைக்காத சுருட்டில் காய்ந்த வைக்கோல் மணம் நல்லது, ஆனால் புகையை மட்டும் என் பக்கம் விடாதேயுங்கோ என்று குணபூசணி நிபந்தனை போட்டாள். காற்று புகையை அவளிடமிருந்து விலக்கிக் கொண்டுபோகும் பக்கமாக அவர் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

வாசனை திரும்பவே இல்லை. சனிக்கிழமைகள் திரும்பின. வராந்தாவில் இரண்டு நாற்காலிகள். அவள் ஒரு சொட்டும் குடிக்காமல் முகர்ந்து சொல்வாள், அவர் குடித்துவிட்டு மறுப்பார். பின்னணியில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் தனியாக ரசித்தவருக்கு, ரசிப்பதைப் பற்றிச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்தது இன்னும் நன்றாகவே இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு வந்த பழனியப்பன், புதுப் போத்தலைச் சண்முகரத்தினத்தின் கையில் கொடுக்கவில்லை.

"கப்பல் கப்டன் குடுத்தாரு. அக்காதான் சொல்லணும்."

குணபூசணி ஊற்றினாள். முகர்ந்தாள். கிளாஸைச் சுழற்றினாள், மறுபடி முகர்ந்தாள், மெல்லச் சிரித்தாள்.

"சொல்லன் குணம். என்ன மணக்குது?"

"பொறுங்கோ," என்றாள் அவள். "முதல்ல நான் குடிச்சுப் பாக்கிறன்."